செகண்ட் ஹேண்ட் ஜம்பிங் சேணம்: எனக்குக் கச்சிதம், குதிரைக்கு?

தாவத்தெரியாதவன்:

எல்லோருக்கும் வணக்கம். நிறைய நாளாக இங்கே படித்துக்கொண்டிருக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் ஒன்பது வயதுச் செவலை ஒருவன் இருக்கிறான், காயடித்த ஆண். விதர்ஸ் (கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்து மேடு) நல்ல உயரம், தோளுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் லேசாகப் பள்ளம், ஆனால் முதுகின் நடுப்பகுதி அகலம்தான். இதுவரை லாயத்தில் கிடந்த பொதுச் சேணத்தைப் போட்டே ஓட்டினேன். இப்போது 80 சென்டிமீட்டர் வரை தாண்டுகிறோம், 90 போகலாம் என்று ஆசை. அதனால் சொந்தமாக ஒரு ஜம்பிங் சேணம் வாங்கலாம் என்று பார்க்கிறேன். புதிது வாங்கும் நிலையில் இல்லை, பழையதுதான்.

இரண்டு கண்ணில் பட்டிருக்கின்றன. முதலாவது ஃபிரெஞ்சுத் தயாரிப்பு, 17 இன்ச், ஃபோம் பேனல் (குதிரை முதுகில் படும் அடிமெத்தை), ஒற்றை ஃப்ளாப் (பக்கவாட்டில் தொங்கும் தோல்), தோல் வெண்ணெய் மாதிரி இருக்கிறது. ஸ்டாண்டில் வைத்து உட்கார்ந்து பார்த்தேன், எழுந்திருக்கவே மனசு வரவில்லை. இரண்டாவது கொஞ்சம் பழைய மாடல், 17.5 இன்ச், கம்பளி நிரப்பியது, ஃப்ளாப்பில் அங்கங்கே தேய்ந்திருக்கிறது, பார்க்க அவ்வளவு அழகில்லை. இரண்டையும் விற்பவர்கள் "மீடியம் ட்ரீ, பெரும்பாலான குதிரைகளுக்குப் பொருந்தும்" என்கிறார்கள். ட்ரீ என்பது சேணத்துக்குள் இருக்கும் சட்டகம் என்று தெரியும், இந்த மீடியம் என்றால் எவ்வளவு? யாரிடம் கேட்டாலும் ஒரு பதில் கிடைக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கொஞ்ச நாளாக கர்த் (சேணத்தை வயிற்றோடு கட்டும் பட்டை) இறுக்கும்போது காதை மடித்துத் திரும்பிக் கடிக்க வருகிறான். தாண்டி இறங்கியதும் தலையைக் கீழே போட்டு ஒரு துள்ளு துள்ளுகிறான். குறும்பு என்றுதான் நினைத்தேன், கூட ஓட்டும் ஒருவர் சேணமாக இருக்கலாம் என்றார். எனக்குத் தொடை எலும்பு நீளம், பொதுச் சேணத்தில் முழங்கால் ஃப்ளாப்பைத் தாண்டி முன்னால் போய்விடுகிறது. எதைப் பார்த்து முடிவு செய்வது? மனசு முதலாவதிடமே போகிறது, அதையும் ஒளிக்காமல் சொல்லிவிட்டேன்.

லாயத்துக்காரி:

தம்பி, சேணம் இருக்கட்டும், முதலில் கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டு முதுகைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். கர்த் இறுக்கும்போது கடிப்பதும் இறங்கியதும் துள்ளுவதும் சேணத்தாலும் வரும், வயிற்றுப் புண்ணாலும் வரும், காலில் இருக்கும் வலியாலும் வரும். வலியோடு இருக்கும் முதுகில் எந்தச் சேணத்தை வைத்தாலும் அது பொருந்தாத சேணம் மாதிரிதான் தெரியும். அப்படி நல்ல சேணங்களை எல்லாம் ஒதுக்கித் தள்ளிய ஒருத்தரை எனக்குத் தெரியும், அது நானேதான்.

அது முடிந்தது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சேணத்தையும் வாங்குவதற்கு முன் அவன் முதுகில் வைத்துப் பார்க்க வேண்டும், விரிப்பு எதுவும் போடாமல், வெறும் முதுகில், சமதரையில் நான்கு காலும் சரியாக ஊன்றி நிற்கும்போது. விதர்ஸ் மேலே கொஞ்சம் முன்னால் வைத்துப் பின்னோக்கி மெல்லத் தள்ளுங்கள், ஒரு இடத்தில் தானாக நின்றுவிடும், அதுதான் அதன் இடம். நம்மில் பாதிப்பேர் அதைவிட முன்னால் போட்டு இறுக்கிவிட்டு, "பின்னால் நழுவுகிறது" என்று புகார் சொல்கிறோம்.

நின்ற இடத்தில் தோள் எலும்பின் பின் விளிம்பைக் கையால் தேடுங்கள். ட்ரீயின் முனை அதற்கு இரண்டு மூன்று விரல் பின்னால் இருக்க வேண்டும். ஜம்பிங் சேணத்தில் ஃப்ளாப் முன்னால் போய்த் தோள்மேல் படுத்திருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது வெறும் தோல். உள்ளே இருக்கும் கெட்டியான முனைதான் தோளில் இடிக்கக் கூடாது. ஒருவர் முன்னங்காலைத் தூக்கி முன்னால் இழுக்கட்டும், நீங்கள் ஃப்ளாப்புக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள். கால் முன்னால் போகும்போது தோள் எலும்பின் மேல் முனை பின்னால் சுழன்று வருவது விரலில் தெரியும். தாண்டும்போது அது இன்னும் அதிகமாக வரும். அங்கே ட்ரீ முட்டினால் பாவம் அவன் எப்படிக் காலை மடிப்பான்?

பிறகு முன்பக்கம் குனிந்து பாருங்கள். முன் வளைவுக்கும் விதர்ஸுக்கும் நடுவில் இரண்டு மூன்று விரல் இடைவெளி, நீங்கள் ஏறி உட்கார்ந்து, தாண்டும்போது முன்னால் சாய்வதுபோலச் சாய்ந்த பிறகும் இரண்டு விரலாவது. மேலே மட்டும் இல்லை, விதர்ஸின் பக்கவாட்டிலும் இடம் வேண்டும், உயர்ந்த விதர்ஸ் உள்ளவர்களுக்கு அங்கேதான் கிள்ளும். நான்கு விரல் புகுந்தால் சந்தோஷப்படாதீர்கள், பெரும்பாலும் சேணம் குறுகலாக இருந்து மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது என்று அர்த்தம். பின்பக்கம் போய் நின்று பார்த்தால் இரண்டு பேனலுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிய வேண்டும். அந்த வழி முன்னிருந்து பின்வரை மூன்று நான்கு விரல் அகலம் இருக்க வேண்டும், முதுகெலும்பும் அதன் இருபக்கத் தசைநாரும் அங்கேதான் இருக்கின்றன. சில பழைய சேணங்களில் முன்னால் அகலமாக ஆரம்பித்துப் பின்னால் இரண்டு விரலாகக் குறுகிவிடும், அதை வேண்டாம் என்று வைத்துவிடுங்கள்.

கடைசி விலா எலும்பை விலாப்புறத்தில் கண்டுபிடித்து அப்படியே மேலே முதுகுவரை விரலால் கோடு போட்டுப் போங்கள். சேணத்தின் எடை தாங்கும் பகுதி அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. அதற்குப் பின்னால் விலா இல்லை, தாங்க ஒன்றும் இல்லை. 17.5 இன்ச் உங்களுக்கு வசதி என்று எடுத்தால் அவன் முதுகில் அதற்கு இடம் இருக்கிறதா என்று முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

உங்கள் விஷயத்தில் எனக்குப் பெரிய சந்தேகம் பிரிட்ஜிங். தோளுக்குப் பின்னால் பள்ளம் இருக்கிறது என்கிறீர்கள். சேணத்தின் முன்பகுதியும் பின்பகுதியும் முதுகில் பட்டு, நடுப்பகுதி பாலம் மாதிரி தூக்கி நிற்கலாம். ஒரு கையால் சேணத்தை நடுவில் அழுத்திக்கொண்டு மறு கையைப் பேனலுக்கு அடியில் முன்னிருந்து பின்னாக ஓட்டிப் பாருங்கள். ஒரே அழுத்தமாக இருந்தால் நல்லது. நடுவில் திடீரென்று கை சுலபமாகப் போனால் பாலம். ஃபோம் பேனலில் அதைச் சரிசெய்ய வழி குறைவு.

மீடியம் பற்றிக் கேட்டீர்கள். அது ஒரு அளவே இல்லை. ஒரு கம்பெனியின் மீடியம் இன்னொன்றின் நேரோ. எங்கிருந்து எங்கே அளக்கிறார்கள் என்பதே ஆளுக்கு ஆள் மாறும். ஸ்டூபன் மாதிரிச் சிலர் 29, 30, 31 என்று சென்டிமீட்டரில் எண் போடுவார்கள், அதையும் வேறு கம்பெனி எண்ணோடு ஒப்பிட முடியாது. அகலம் ஒன்றாக இருந்தாலும் கோணம் வேறாக இருக்கும். உங்கள் குதிரையின் தோளுக்குப் பின்னால் இருக்கும் சரிவும் ட்ரீ முனையின் சரிவும் இணையாக ஓட வேண்டும், அவ்வளவுதான். வளையும் ஸ்கேல் ஒன்று வாங்கி, தோள் எலும்புக்கு இரண்டு விரல் பின்னால் ஒரு வளைவு, விதர்ஸ் முடியும் இடத்தில் ஒன்று, முதுகின் தாழ்வான இடத்தில் ஒன்று, நீளவாக்கில் ஒன்று என்று காகிதத்தில் வரைந்துகொள்ளுங்கள். விற்பவர் தூரத்தில் இருந்தால் அந்தக் காகிதத்தை அட்டையில் வெட்டி அனுப்பி, சேணத்துக்குள் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லலாம். பாதிப் பயணம் மிச்சம்.

பழையதோல்:

அக்கா குதிரைப் பக்கம் எல்லாம் சொல்லிவிட்டார். நான் சேணம் தைத்துப் பழுது பார்ப்பவன், பொருள் பக்கம் மட்டும் சொல்கிறேன். பொருந்தும் சேணமாக இருந்து உள்ளே ட்ரீ உடைந்திருந்தால் அது சேணம் இல்லை, தோல் போர்த்திய விறகு.

ட்ரீ என்பது உள்ளே இருக்கும் எலும்புக்கூடு. பழையவற்றில் பெரும்பாலும் மரத்தகடுகளை ஒட்டி இரும்பு பதித்திருப்பார்கள், ஸ்பிரிங் ட்ரீ என்றால் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு எஃகுப் பட்டை ஓடும். சோதிப்பது இப்படி: முன் வளைவை உங்கள் தொடையில் முட்டுக் கொடுத்து, பின் மேட்டை இரண்டு கையாலும் உங்களை நோக்கி இழுங்கள். ஸ்பிரிங் ட்ரீ லேசாக வளைந்து விட்டதும் திரும்பும், அது சரி. இருக்கையின் தோல் ஒரு பக்கம் மட்டும் சுருங்கினாலோ, உள்ளே கிளிக் என்று சத்தம் வந்தாலோ, ஏதோ உரசுவதுபோல முனகினாலோ பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து முன்பக்க முனைகள் இரண்டையும் பிடித்து உள்ளே நெருக்கியும் வெளியே இழுத்தும் பாருங்கள். அங்கே துளிகூட அசைவு இருக்கக் கூடாது. குதிரை சேணத்தோடு உருண்டிருந்தால் அநேகமாக அங்கேதான் விரிசல் விழும். விற்பவர் "ஒரு தடவை கீழே விழுந்தது, ஆனால் ஒன்றும் ஆகவில்லை" என்றால் நீங்களாகவே ஒன்றுக்கு இரண்டு தடவை சோதியுங்கள்.

பிறகு சேணத்தைக் கவிழ்த்து வைத்துப் பின்னாலிருந்து ஒற்றைக் கண்ணை மூடிப் பாருங்கள், துப்பாக்கி குறி பார்ப்பதுபோல. நடு வழி நேராக ஓடுகிறதா, இரண்டு பேனலும் ஒரே பருமனா, பின் மேட்டின் நடு நடுவில்தான் இருக்கிறதா. எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து அங்கவடியில் எம்பி ஏறியவர்களின் சேணம் வருஷக்கணக்கில் முறுக்கிக்கொண்டிருக்கும். கம்பளி ஒருபக்கம் அமுங்கியிருந்தால் சரிசெய்யலாம், ட்ரீயே முறுக்கியிருந்தால் முடியாது.

பேனலைக் கட்டைவிரலால் ஒவ்வொரு அங்குலமாக அழுத்துங்கள். கம்பளியில் கோலிக்குண்டு மாதிரிக் கட்டிகள் தட்டுப்பட்டால் பிரித்து மாற்ற வேண்டும், வேலைதான், ஆனால் நடக்கிற வேலை. ஃபோமில் அழுத்திய குழி மெதுவாகக்கூடத் திரும்பவில்லை என்றால் ஃபோம் செத்துவிட்டது, பேனலையே மாற்ற வேண்டியிருக்கும், அந்தச் செலவைச் சேர்த்துத்தான் விலையை யோசிக்க வேண்டும்.

பில்லட் வார்கள், அதாவது கர்த் மாட்டும் வார்கள். துளைகள் நீண்டு முட்டை வடிவமாகியிருக்கின்றனவா, மடக்கினால் மேற்பரப்பில் வெடிப்பு தெரிகிறதா. வார்களை மாற்றுவது சாதாரண வேலை, அதற்காக நல்ல சேணத்தை விட வேண்டாம். ஆனால் அவை தைத்திருக்கும் நாடாவையும் ஃப்ளாப்பைத் தூக்கிப் பார்க்கச் சொல்வேன், நூல் பிரிந்திருக்கக் கூடாது. ஒரு உபரித் தகவல்: மூன்று வார் இருக்கும் பெரும்பாலான சேணங்களில் முதல் வார் ஒரு நாடாவிலும் மற்ற இரண்டும் சேர்ந்து இன்னொரு நாடாவிலும் தைத்திருக்கும். அதனால் முதலும் இரண்டும், அல்லது முதலும் மூன்றும் மாட்டுங்கள். இரண்டும் மூன்றுமாக மாட்டி அந்த ஒரு நாடா அறுந்தால் பிடிக்க வேறு எதுவும் இருக்காது.

அங்கவடி வார் தொங்கும் இரும்புக் கம்பியைப் பிடித்து நன்றாக ஆட்டுங்கள், ஆடக் கூடாது. அதன் முனையில் இருக்கும் சின்னத் தாழ்ப்பாள் ஓட்டும்போது திறந்தபடியே இருக்க வேண்டும், விழுந்தால் வார் கழன்று வருவதற்காக.

கடைசியாக, புதிதாக எண்ணெய் பூசிக் கறுத்துப் பளபளக்கும் சேணத்தைச் சந்தேகப்படுங்கள். எண்ணெய் வெடிப்பை மறைக்கும். அளவுக்கு மிஞ்சி ஊறவைத்தால் தோல் தளர்ந்து இழுபடும், தையலும் இற்றுப்போகும். நீங்கள் சொல்லும் "வெண்ணெய்" எந்த வகை என்று நேரில் பார்த்தால்தான் சொல்ல முடியும். தேய்ந்த ஃப்ளாப் எனக்கு ஒரு குறையே இல்லை, அது யாரோ ஒழுங்காக ஓட்டியிருக்கிறார் என்பதற்கு அடையாளம்.

அரைமீட்டர்வீரன்:

எல்லோரும் ரொம்பப் பயமுறுத்துகிறீர்கள். என் சேணம் குதிரைக்குக் கொஞ்சம் ஒத்துவரவில்லை, நல்ல தடிமனான ஜெல் பேட் ஒன்று வாங்கிப் போட்டேன், இரண்டு வருஷமாக ஒரு பிரச்சினையும் இல்லை. உங்களுக்கு ஃபிரெஞ்சுச் சேணம் பிடித்திருக்கிறது என்றால் அதை வாங்கி ஒரு ஆட்டுத்தோல் பேட் போட்டு ஓட்டுங்கள். உட்கார்பவருக்கு வசதி இல்லையென்றால் எவ்வளவு பொருந்தியும் பிரயோசனம் இல்லை.

லாயத்துக்காரி:

உங்கள் சேணம் அகலமாக இருந்ததா, குறுகலாக இருந்ததா? அதில்தான் எல்லாம் இருக்கிறது. அகலம் ஒரு பிடி அதிகமாக இருந்தால் பேட் போடலாம், ஷிம் (இடைவெளியை நிரப்பும் சின்ன அட்டை) வைக்கலாம், தசை வளரும் இளம் குதிரைக்கு நானே அப்படித்தான் வேண்டுமென்றே கொஞ்சம் அகலமாக எடுத்து இடைவெளியை நிரப்பி ஓட்டியிருக்கிறேன். குறுகலான சேணத்துக்குத் தடிமன் பேட் என்பது இறுக்கமான ஷூவுக்குள் இரண்டு ஜோடி சாக்ஸ் போடுகிற கதை. மென்மையாகத்தான் இருக்கும், முதல் பத்து நிமிடம்.

இந்தத் தம்பியின் குதிரைக்குத் தோளுக்குப் பின்னால் ஏற்கெனவே பள்ளம் இருக்கிறது. அது பிறவி அமைப்பா, குறுகலான சேணம் அழுத்தி அழுத்தித் தசை கரைந்ததா என்று தெரியாமல் அதே இடத்தில் மேலும் அடைத்து வைக்கச் சொல்லாதீர்கள். தம்பி, அந்த இடத்தில் வெள்ளை முடி இருக்கிறதா பாருங்கள். செவலையில் நன்றாகத் தெரியும். வெள்ளை முடி இருந்தால் எப்போதோ ஒரு அழுத்தம் முடியின் வேரைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம், பெரும்பாலும் பழைய கதை, இப்போதைய சேணத்தின் மேல் பழி போட முடியாது.

முழங்கால்முன்னே:

அரைமீட்டர்வீரன் சொன்னதில் பேட் விஷயம் எனக்கும் உடன்பாடு இல்லை. ஆனால் ஓட்டுபவர் வசதி முக்கியம் என்பதை யாரும் இன்னும் தொடவே இல்லை, அதனால் நான் எழுதுகிறேன். எனக்கும் தொடை நீளம், பல வருஷம் தவறான சேணத்தில் தவறாக ஓட்டி, என் உட்காருமுறையே மோசம் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

ஜம்பிங் சேணம் ஏன் இந்த வடிவத்தில் இருக்கிறது என்று யோசித்தால் தேர்வு சுலபம். நூறு நூற்றிருபது வருஷத்துக்கு முன்னால்வரை தடையைத் தாண்டும்போது பின்னால் சாய்ந்து காலை முன்னால் நீட்டித்தான் ஓட்டினார்கள். இத்தாலியக் குதிரைப்படை அதிகாரி ஃபெடெரிகோ கப்ரில்லி (1868–1907) தான் அங்கவடியைக் குட்டையாக்கி, எடையைக் குதிரையின் முதுகிலிருந்து எடுத்து முன்னால் கொண்டுபோகும் முறையைக் கொண்டுவந்தார். குட்டை அங்கவடி என்றால் முழங்கால் முன்னால் போகும், அதைத் தாங்க ஃப்ளாப்பும் முன்னால் போக வேண்டும். அந்த வெட்டு உங்கள் தொடை நீளத்துக்குப் போதவில்லை என்றால் நீங்கள் இருக்கையில் பின்னால் தள்ளப்படுவீர்கள், ஒவ்வொரு தாண்டலிலும் பின் மேட்டில் தொப்பென்று விழுவீர்கள். உங்கள் செவலை துள்ளுவதற்கு இதுகூடக் காரணமாக இருக்கலாம்.

இன்ச் கணக்கு என்பது முன்வளைவின் பக்கத்தில் இருக்கும் சின்ன ஆணித்தலையிலிருந்து பின் மேட்டின் நடுவரை உள்ள தூரம். அது இடுப்புக்கான அளவு என்று எல்லோரும் நினைக்கிறார்கள், நிறையப் பேருக்கு அதைத் தீர்மானிப்பது தொடைதான். ஸ்டாண்டில் உட்கார்ந்து பார்த்தேன் என்றீர்களே, அங்கவடியை ஜம்பிங் நீளத்துக்குக் குறைத்துப் பார்த்தீர்களா? அங்கவடி இல்லாமல் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் எல்லாச் சேணமும் சொர்க்கம்தான். நீங்கள் சமதரையில் ஓட்டுவதைவிட இரண்டு மூன்று துளை குறைத்து, முழங்கால் எங்கே வருகிறது என்று பாருங்கள். முன்னால் இருக்கும் தடுப்புக்குச் சற்றுப் பின்னால், ஃப்ளாப்புக்கு உள்ளே வர வேண்டும். தடுப்பின் மேல் ஏறினாலும் தப்பு, அது உங்களைப் பூட்டி வைத்தாலும் தப்பு. உங்கள் பின்புறத்துக்கும் பின் மேட்டின் விளிம்புக்கும் நடுவில் மூன்று நான்கு விரல் இருந்தால் போதும். இந்தக் கணக்கில் உங்களுக்கு 17.5தான் வரும் என்று தோன்றுகிறது. 17 இன்ச்சில் நீளமான முன்வெட்டு ஃப்ளாப் இருந்தால் மட்டும் அதுவும் சரிப்படும், ஃபிரெஞ்சுச் சேணங்களில் ஃப்ளாப் நீளத்துக்கும் வெட்டுக்கும் தனி எண் இருக்கும், ஃப்ளாப்பிலோ அதன் அடியிலோ அச்சடித்திருப்பதைப் படம் எடுத்துத் தயாரிப்பாளரிடமே கேட்டுப் பாருங்கள்.

இருக்கையின் மிகத் தாழ்வான இடம் நடுவில் இருக்கிறதா என்பதை ஸ்டாண்டில் பார்த்துப் பயனில்லை, குதிரைமேல் வைத்தபிறகு ஒரு பென்சிலை இருக்கையில் குறுக்காக வைத்துப் பாருங்கள், உருண்டு போய் நிற்கும் இடம் உங்கள் இடம். பின்னால் போய் நின்றால் அந்தச் சேணம் உங்களை எப்போதும் ஒரு நொடி பின்தங்க வைக்கும்.

தாவத்தெரியாதவன்:

இவ்வளவு பேர் இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. பத்து நாள் கழித்து வருகிறேன், நடந்ததைச் சொல்கிறேன்.

மருத்துவர் வந்து பார்த்தார். முதுகின் நடுவுக்கு முன்பகுதியில், அதாவது சேணத்தின் முன்பாகம் உட்காரும் இடத்தில், இரண்டு பக்கமும் அழுத்தினால் தசையை உள்ளே இழுக்கிறான். வேறு ஒன்றும் தெரியவில்லை, சேணம் இல்லாமல் சில நாள் தரையில் நின்றே ஓட்டுங்கள் என்றார். வெள்ளை முடி வலது பக்கம் நாலைந்து இருக்கின்றன, அக்கா சொன்னபிறகுதான் கண்ணில் பட்டன. வெட்கமாக இருந்தது.

வலி அடங்கியதும் ஃபிரெஞ்சுச் சேணத்தைச் சோதனைக்கு வாங்கிவந்து வெறும் முதுகில் வைத்தேன். வைத்ததும் அழகாகத்தான் இருந்தது. கையை உள்ளே ஓட்டினேன், முன்னால் விரலைத் திணிக்க வேண்டியிருந்தது, நடுவில் என் கைக்கடிகாரத்தோடு சேர்ந்து உள்ளே போனது, பின்னால் மறுபடி இறுக்கம். விதர்ஸுக்கு மேல் நான்கு விரல் இடம். அக்கா எச்சரித்தது வரிக்கு வரி அப்படியே. பென்சிலும் பின்னால் உருண்டது. ட்ரீ மட்டும் நன்றாக இருந்தது, பழையதோல் சொன்னபடி தொடையில் முட்டுக் கொடுத்து இழுத்தேன், சத்தமே இல்லை. அதாவது யாருக்கோ மிக நல்ல சேணம், எனக்கில்லை.

இரண்டாவதையும் கொண்டுவந்தேன். கொஞ்சம் அகலம், முன்னால் லேசாகத் தாழ்கிறது, ஆனால் கை ஒரே சீராகப் போகிறது, கடைசி விலாவுக்கு முன்னால் இரண்டு விரல் மிச்சம். அங்கவடியைக் குறைத்தால் முழங்கால் உள்ளே வந்துவிடுகிறது. விரிப்பு ஒன்றை மட்டும் போட்டு வாக், ட்ராட், கேண்டர், அப்புறம் தரையில் கம்பு வைத்து, கடைசியில் 50 சென்டிமீட்டர் நாலு தாண்டல். துள்ளவில்லை. ஒரே ஒரு குழப்பம், இறங்கிப் பார்த்தால் சேணம் வலது பக்கம் ஒரு விரல் நகர்ந்திருக்கிறது. விரிப்பை எடுத்தால் வியர்வை இடது பக்கம் சீராக இருக்கிறது, வலது பக்கம் தோளுக்குப் பின்னால் உள்ளங்கை அளவு காய்ந்த திட்டு. இது அழுத்தமா, படவே இல்லையா?

லாயத்துக்காரி:

காய்ந்த திட்டு இரண்டாலும் வரும், அதுதான் தொல்லை. அழுத்தம் அதிகமானால் அந்த இடத்தில் வியர்க்காது, படவே இல்லையென்றாலும் விரிப்பு உரசாமல் காய்ந்தே இருக்கும். முடியைப் பாருங்கள். தோலோடு ஒட்டி நசுங்கிப் படுத்திருந்தால் அழுத்தம். சாதாரணமாக இருந்தால் படவில்லை. நாலா பக்கமும் கலைந்து சுழித்திருந்தால் சேணம் அங்கே ஆடுகிறது. உங்கள் விஷயத்தில் அது பள்ளமான பக்கம், சேணமும் அகலம் என்கிறீர்கள், படவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

ஒரு பக்கம் நகர்வதற்குக் காரணம் மூன்று இடத்தில் தேட வேண்டும்: சேணம், ஓட்டுபவர், குதிரை. பின்னங்காலில் லேசான நொண்டி இருக்கும் குதிரைகளில் சேணம் ஒரு பக்கமாக நழுவுவது ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத நொண்டிகூட இப்படித்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். அதனால் இன்னொருவரை ஏற்றிப் பாருங்கள், அப்போதும் வலது பக்கமே போனால் அது நீங்கள் இல்லை. மருத்துவரைக் கெட்டித் தரையில் நேர்கோட்டிலும் வட்டத்திலும் ட்ராட் பார்க்கச் சொல்லுங்கள். அதில் ஒன்றும் இல்லையென்றால் தோள்கள். நிறையக் குதிரைகளுக்கு ஒரு தோள், பெரும்பாலும் இடது, மற்றதைவிடப் பருமன். பெரிய தோள் சேணத்தை எதிர்ப்பக்கம் தள்ளும்.

பழையதோல்:

அப்படியென்றால் கம்பளிச் சேணம் வாங்கியது நல்லதாயிற்று. பெரிய தோளுக்குப் பொருந்துமாறு வைத்துக்கொண்டு, சின்னத் தோள் பக்கத்துப் பேனலில் முன்பகுதிக்குக் கொஞ்சம் கம்பளி சேர்த்தால் நேராகிவிடும். சேர்ப்பவர் குதிரையைப் பார்த்துச் செய்ய வேண்டும், தபாலில் அனுப்பிச் செய்யும் வேலை இல்லை. ஒரேயடியாகத் திணிக்க விடாதீர்கள், புதுக் கம்பளி சில வாரம் ஓட்டியதும் அமுங்கும், அப்போது இன்னொரு தடவை பார்க்க வேண்டும். அதன்பிறகும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது, தசை மாறிக்கொண்டிருக்கும் குதிரை என்றால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை. அந்தப் பள்ளம் நிரம்ப ஆரம்பித்தால் இன்று சேர்த்ததை நாளை எடுக்க வேண்டியிருக்கும்.

அரைமீட்டர்வீரன்:

இதையெல்லாம் படித்துவிட்டு நேற்று என் ஜெல் பேடை எடுத்துவிட்டுக் கையை உள்ளே விட்டுப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம். அந்த அட்டையில் வளைவு வரைவது பற்றித் தனியாக ஒரு கேள்வி போடுகிறேன், அக்கா பதில் சொல்லுங்கள்.

தாவத்தெரியாதவன்:

முடிவைச் சொல்லிவிடுகிறேன். வேறொருவர் ஏறியபோதும் சேணம் வலது பக்கமே போனது, அதனால் என் பிழை இல்லை என்று ஒரு சின்ன நிம்மதி. மருத்துவர் வட்டத்தில் ஓடவிட்டுப் பார்த்தார், கால்கள் சரி. சேணம் பொருத்துபவர் வந்து பின்னாலிருந்து பார்த்த உடனே இடது தோள் பெரிது என்றார். வலது பக்கம் கம்பளி சேர்த்தார், பில்லட் வார் இரண்டை மாற்றச் சொல்லியிருக்கிறார், ஒரு மாதம் கழித்து மறுபடி வருகிறார். நேற்று 70 வரை தாண்டினோம். கர்த் இறுக்கும்போது காதை மடித்தான், கடிக்கவில்லை. பழகிய பயம் போக நாளாகும் என்கிறார்கள்.

ஃபிரெஞ்சுச் சேணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். கொடுக்கும்போது விற்பவரிடம், ட்ரீயின் உள்ளளவை அளந்து கோணத்தையும் படம் எடுத்து விளம்பரத்தில் போட்டால் வாங்குபவருக்கு உதவியாக இருக்குமே என்று சொன்னேன். தலையாட்டினார். இன்று பார்த்தேன், புதிய விளம்பரம் வந்திருக்கிறது: "மீடியம், எல்லாக் குதிரைக்கும் பொருந்தும்."